கணக்கில் இல்லாத கடைகள்: சேலம், நாமக்கல் சந்தைகளில் கொரோனா விட்டுச்சென்றது

ராசிபுரம் பக்கத்து வாரச்சந்தை ஒன்றில், கிழக்குச் சுவரை ஒட்டிய புளியமரத்தடியில் ஒரு அக்கா பதினான்கு வருடம் கருவாடு விற்றார். இரண்டு சாக்கு, ஒரு தராசு, மழை வந்தால் மூட ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான் கடை. 2020 மார்ச் மூன்றாவது வாரம் கடைசியாக அங்கே உட்கார்ந்தார். மாதங்கள் கழித்துச் சந்தை மறுபடி கூடியபோது, அந்த இடத்தில் வேறொருவர் பிளாஸ்டிக் சாமான் ஏற்றிய வேனை நிறுத்தியிருந்தார். சுங்கம் வசூலிப்பவரிடம் கேட்டதற்கு, "இடம் யாருக்கும் பட்டா இல்ல" என்று பதில் வந்தது. இப்போது அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அது இல்லாத நாட்களில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறார்.

மனு எழுதிக் கொடுக்கலாமா என்று நாங்கள் கேட்டோம். அவர் சிரித்தார். "கடை போச்சுன்னு எழுதணும்னா, அங்க கடை இருந்துச்சுன்னு மொதல்ல ஒரு சீட்டு வேணுமாம் கண்ணு. பதினாலு வருசமாக் குடுத்த சுங்கச் சீட்டையெல்லாம் யாரு எடுத்து வச்சா?"

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் காலனிகளில் வேலை செய்யும் எங்களுக்கு, கொரோனாவின் பொருளாதார வரலாறு என்றால் முதலில் இந்தப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. பெருந்தொற்று சிறு கடைகளை அழித்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது உண்மை. ஆனால் எந்தக் கடை மூடியது, எந்தக் கடை திரும்பத் திறந்தது, திறக்க யாருக்கு உதவி கிடைத்தது என்று பிரித்துப் பார்த்தால் அங்கே சாதி தெரிகிறது. மூடிப்போன பல தலித் கடைகள், இருந்தபோதே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அவை மூடியதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுத முயல்கிறோம்.

சந்தை நமக்கு என்னவாக இருந்தது

1997 தொடக்கத்தில் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும்வரை இரண்டும் ஒரே சேலம் மாவட்டம். இந்தச் சமவெளியின் ஊர்ப்பெயர்களிலேயே சந்தை இருக்கிறது. சேலத்துக்குள் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே மாட்டுச் சந்தைக்குப் பெயர்போன புதன்சந்தை. கொங்கணாபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் ஊரில் சந்தை கூடும். வியாபாரிகள் சரக்கோடு ஊர் ஊராகச் சுற்றுவார்கள்.

நம் தாத்தா பாட்டிகளுக்குச் சந்தைக்கும் ஊர்க்கடைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. ஊர்க்கடையில் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும். காசைத் தரையில் வைக்க வேண்டும். சரக்கு எட்டத்திலிருந்து துண்டில் விழும். கடன் நோட்டு கடைக்காரரிடம் இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க முடியாது. பல சமயம் கடைக்காரரும் பண்ணையக்காரரும் ஒரே ஆளாக இருப்பார், அல்லது பங்காளியாக இருப்பார். சந்தையில் கூட்டம் பெரியது. யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியாது. காசு கையிலிருந்து கைக்குப் போகும். பேரம் பேசலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த சாக்குக்குப் போகலாம். இந்தச் சின்ன சுதந்திரத்துக்காகவே பல மைல் நடந்து சந்தைக்குப் போனவர்கள் நம் பாட்டிகள்.

இதுவும் சும்மா வந்துவிடவில்லை. பொதுச் சாலை, தெரு, கிணறு, பொது இடம் எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1938-இல், எம்.சி. ராஜா முயற்சியால் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் வந்தது. தெருவில் நடக்கவும் பொது இடத்தில் நிற்கவும் சட்டம் தேவைப்பட்ட மக்கள், அதே இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து விற்பதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

அப்படி உட்கார்ந்தபோதும் சந்தைக்குள் ஒரு வரைபடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. நடுவில் கூரை போட்ட மேடைகளில் காய்கறி, மளிகை, தானியம். ஓரத்தில், சாக்கடை பக்கம், கருவாடு, செருப்பு, துடைப்பம், கூடை, பழைய துணி. நாங்கள் போகிற சந்தைகளில் அந்த ஓரத்தில்தான் நம்மவர்கள் அதிகம். அருந்ததியர் மக்கள் அடர்த்தியாக வாழும் இந்தப் பகுதியில், தோல் தைத்த கைகள் செருப்புக் கடை போட்டன. வயல்கூலிக்குப் போன பெண்கள் வாரத்தில் ஒரு நாள் கருவாட்டுக்கும் வெற்றிலைக்கும் மாறினார்கள். கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பிள்ளைகள் தள்ளுவண்டியில் சிக்கன் பக்கோடா போட்டார்கள்.

இது ஒரு தலைமுறையின் ஏற்றம். பெரிய பணம் எதுவும் வரவில்லை. ஆனால் காலையில் யார் வீட்டு வாசலிலும் நின்று "வேலை இருக்குதுங்களா" என்று கேட்க வேண்டியதில்லை. இந்தியா முழுக்க எடுத்துக்கொண்டால், 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் கையில் இருந்த தொழில்கள் 9.8 சதவீதம்தான், மக்கள்தொகையில் அவர்கள் பங்கோ 16.4 சதவீதம். அந்த 9.8-லும் பெரும்பகுதி சொந்த உழைப்பை மட்டுமே நம்பிய கடைகள். அதாவது, ஒரு மாதம் படுத்தால் எழுந்திருக்க முடியாத கடைகள்.

நூறு வருடத்துக்கு முன்பும்

நோய்க்குச் சாதி தெரியாது என்று 2020-இல் அடிக்கடி சொன்னார்கள். 1918 இன்ஃபுளுவென்சாவின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பம்பாய் நகரத்தில் சாதி, மதவாரியாகச் சாவுகளைப் பதிவு செய்திருந்தார்கள். ஆயிரம் பேருக்கு இறந்தவர்கள்: ஐரோப்பியர் 8.3, சாதி இந்துக்கள் 18.9, தாழ்த்தப்பட்ட சாதியினர் 61.6. காற்றில் பரவிய கிருமி ஒன்றுதான். நெருக்கமான குடிசை, சத்தில்லாத உடம்பு, வராத மருத்துவர் ஆகியவைதான் இந்த எண்களைப் பிரித்தன.

அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. போரினால் விலைவாசி ஏறியிருந்தது. காய்ச்சல் உச்சத்துக்குப் போவதற்குச் சற்று முன்பு, 1918 செப்டம்பரில், சென்னையில் அரிசிக் கடைகளும் சந்தைகளும் சூறையாடப்பட்டன. பசியும் நோயும் ஒன்றாக வரும்போது முதலில் உடைவது சந்தைதான் என்பதை அன்றே பார்த்தாகிவிட்டது. எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்டக் கெஜட்டியர் அதே 1918-இல்தான் அச்சாகி வந்தது. ஒரு மாவட்டத்தின் நிலம், வரி, வணிகம் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் அரசுக்கு, சந்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

2020, 2021: என்ன நடந்தது

கொரோனா வெறும் கையோடு இருந்தவர்கள் மேல்தான் விழுந்தது. 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கம் ரொக்கத்தில் மட்டுமே ஓடிய சந்தையை முதலில் அடித்தது. 2017 ஜூலை ஜிஎஸ்டி, சரக்கு எடுக்கும் மண்டிக்காரரின் கணக்கு வழக்கை மாற்றியது. கைக்கடன் கொடுத்தவர்கள் சுருக்கிக்கொண்டார்கள். அதிலிருந்து மூச்சு விடுவதற்குள் 2020 பிப்ரவரியில் கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற வதந்தி பரவியது. முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன நாமக்கல்லில் பண்ணைக்காரர்களின் நஷ்டம் செய்தியானது. அதே வாரங்களில் தள்ளுவண்டி ஆம்லெட் கடைகளும் பக்கோடா கடைகளும் ஊரடங்குக்கு முன்பே படுத்துவிட்டன.

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு மூடியது. அன்று இரவு நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. வாரச்சந்தைகள் நின்றன. காய்கறிச் சந்தைகளைப் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் மாற்றினார்கள். அங்கே இடம் அளந்து கொடுத்தது பழைய மேடைக்காரர்களுக்கு, சங்கத்தில் இருந்தவர்களுக்கு. ஓரத்துச் சாக்குகளுக்குப் புது மைதானத்தில் கட்டம் போடப்படவில்லை. செருப்பு அத்தியாவசியப் பொருள் பட்டியலிலும் இல்லை. ஏப்ரல் 26 முதல் சேலம் மாநகரில் மூன்று நாள் முழு ஊரடங்கு போட்டபோது, முந்தின நாள் கடைத்தெருவில் கூட்டம் அலைமோதியது. கையில் காசு இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அன்றாடம் வாங்கி அன்றாடம் உலை வைப்பவர்கள் மூன்று நாளைக்கு எதை வாங்கி வைப்பார்கள்?

அந்த நாட்களில் எங்கு பார்த்தாலும் "சமூக இடைவெளி" என்று எழுதியிருந்தது. கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டு அதற்குள் நிற்கச் சொன்னார்கள். உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என நம் தோழர்கள் பலர் அப்போதே எழுதினார்கள். நாங்கள் அரிசி மூட்டை கொண்டுபோன காலனியில் ஒரு பெரியவர், "இந்த வட்டம் எங்களுக்குப் புதுசு இல்லீங்க, இப்பத்தான் உங்க எல்லாருக்கும் போட்டிருக்காங்க" என்றார்.

பேருந்து நின்றதுதான் நாங்கள் கண்ட பெரிய அடி. மாவட்டத்துக்குள் பேருந்து மறுபடி முறையாக ஓடியது செப்டம்பர் 1-இல். இடையில் ஓடியதும் நின்றதுமாக ஐந்து மாதம். பேருந்துதான் காலனிக்காரரை டவுன் கடைக்குக் கொண்டுபோனது, வியாபாரியைச் சந்தைக்குக் கொண்டுபோனது. அது நின்றதும், இருபது முப்பது வருடமாக எட்டிப் பார்க்காத ஊர்க்கடைக்கே திரும்பப் போக வேண்டியதாயிற்று. விலை அவர் சொன்னது. கடன் நோட்டு மறுபடி திறந்தது. அந்த நோட்டை அடைக்க யார் தோட்டத்தில் வேலைக்குப் போனார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டாம் அலையில் இன்னும் கடுமை. 2021 மே 24 முதல் மளிகைக் கடைகளையும் மூடி, காய்கறியை வாகனங்களில் தெருத்தெருவாக விற்க அனுமதி கொடுத்தார்கள். நோயைத் தடுக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அனுமதிச் சீட்டு வாங்க வண்டி வேண்டும். தலையில் கூடை சுமந்தவருக்குச் சீட்டு கிடையாது. கடை திறந்த நேரம் பற்றிய தகராறு உயிரையும் எடுத்த காலம் அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். அடுத்த ஜூனில், எங்கள் சேலம் மாவட்டத்தில், சோதனைச் சாவடியில் போலீஸ் அடித்ததில் ஒரு சிறு கடைக்காரர் இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைதானார். இந்தப் பயத்தோடு தெருவில் சாக்கை விரிக்க எந்தக் காலனிப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்?

இழப்பு எல்லோருக்கும்தான். அளவு சமமில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேவும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இந்திய அளவில் கணக்கிட்டதில், 2019 டிசம்பருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையே வேலையில் இருந்தவர்களின் விகிதம் உயர்சாதியினரில் 39-லிருந்து 32 சதவீதமாகக் குறைந்தது. பட்டியல் சாதியினரில் 44-லிருந்து 24 ஆனது. அங்கே ஏழு புள்ளி, இங்கே இருபது.

உதவி எந்த வழியாகப் போனது

தமிழ்நாடு அரசு அரிசி அட்டைக்கு 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்தது. நம் மக்கள் கையில் உண்மையில் வந்து சேர்ந்தது இதுவும் ரேஷன் அரிசியும்தான். அது வயிற்றுக்கு. கடையை மறுபடி போட முதல் வேண்டும். அந்த முதலுக்கான திட்டங்களைப் பாருங்கள்.

2020 மே மாதம் ஒன்றிய அரசு சிறு, குறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. அடமானம் வேண்டாம், அரசே பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்கு? 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் நிலுவை இருந்ததோ, அதில் 20 சதவீதம் புதுக் கடன். ஏற்கெனவே வங்கி நம்பிக் கடன் கொடுத்தவருக்கு மேலும் கடன். 50 லட்சம் நிலுவை வைத்திருந்தவருக்கு 10 லட்சம். வங்கி வாசலே மிதிக்காதவருக்கு, பூஜ்யத்தில் 20 சதவீதம்.

ஜூன் 1 அன்று சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டம் வந்தது. அப்போதைய விதிப்படி 10,000 ரூபாய் கடன், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், பிறகு 20,000, பிறகு 50,000. இது நல்ல திட்டம். சேலம் நகரத்தில் தள்ளுவண்டி வைத்திருந்த சிலருக்கு நாங்களே விண்ணப்பம் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அப்போது இது நகர உள்ளாட்சி எல்லைக்குள் விற்பவர்களுக்காக இருந்தது. கிராம ஊராட்சிச் சந்தையில் விற்றவர் இதற்குள் வரவில்லை. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டமும் நகரத்துக்குத்தான். அந்தச் சட்டம் மக்கள் காலங்காலமாகக் கூடி விற்கும் இடத்தை "இயற்கைச் சந்தை" என்று பாதுகாக்கிறது, விற்பனைக் குழுவில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் கொடுக்கிறது. கிராமத்துச் சந்தையில் கருவாடு விற்ற அக்காவுக்கு அந்த இரண்டும் இல்லை.

மீதி இருந்த வழி மகளிர் குழுக் கடனும் வார வசூலும். ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஓடும் என்பதை வசூலுக்கு வந்த பையன்கள் பிறகுதான் சொன்னார்கள். ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழு, அதை அடைக்கக் கந்துவட்டி. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. கடன் வசூல் அடாவடியைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு இன்னொரு சட்டம் இயற்றியது. இத்தனை ஆண்டு கழித்தும் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது, கடன் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்குச் சாட்சி.

திரும்பி வராதவை

ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. சந்தைகள் கூடுகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பழையபடி. கூர்ந்து பார்த்தால் மூன்று மாற்றங்கள் தெரிகின்றன.

முதலாவது, இடம். ஓரத்தில் இருந்த சாக்குகளின் இடத்துக்கு வேன்கள் வந்துவிட்டன. சந்தை ஏலம் எடுப்பவருக்கு ஒரு வேன் கொடுக்கும் சுங்கம் நாலு சாக்கு கொடுப்பதைவிட வசதி. ஏலம் எடுப்பவர் நம் தெருவிலிருந்து வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாவது, பணம் கைமாறும் விதம். 2020 மார்ச்சில் மாதத்துக்குச் சுமார் 125 கோடியாக இருந்த யுபிஐ பரிவர்த்தனை, 2024 டிசம்பரில் 1,600 கோடியைத் தாண்டியது. க்யூஆர் அட்டை இல்லாத கடையில் இளம் வயதுக்காரர்கள் நிற்பதில்லை. நம் பெண் வியாபாரிகள் பலர் மாட்டியிருக்கும் அட்டை மகன் கணக்கிலோ மருமகன் கணக்கிலோ இருக்கிறது. நாள் முழுக்க விற்றவர் அம்மா, வங்கியின் பார்வையில் வியாபாரி மகன். நாளை கடன் கேட்டால் வரலாறு அவனுக்குத்தான் இருக்கும்.

மூன்றாவது, தலைமுறை. அந்தக் கருவாட்டுக் கடை அக்காவின் மகன் பன்னிரண்டாவதோடு நின்றான். இப்போது சேலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான். மாதச் சம்பளம் வருகிறது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மா விற்பவராக இருந்தார், மகன் சுமப்பவராக இருக்கிறான்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து, சந்தைக்குப் போகும் பெண்களுக்குப் பெரிய கைதூக்கல். நாங்கள் பேசிய சிலர் அதனால்தான் மறுபடி கூடை தூக்கினார்கள். 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் கிடைக்கிறது. அது தொழில் அறிக்கையும் வங்கிக் கடனும் கொண்டுவரக் கூடியவர்களுக்கானது. இரண்டு சாக்குக் கடைக்கும் அந்தத் திட்டத்துக்கும் நடுவே எந்தப் படியும் இல்லை.

இதைச் சொந்தத் தொழில் பிரச்சினை என்று மட்டும் பார்க்கக் கூடாது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த ஊரில் நம் தெருவில் ஒரு பெட்டிக்கடை இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் அங்கே போய் நின்றிருக்க வேண்டியதில்லை. காலனிக்குள் இருக்கும் ஒரு கடை, நோய்க்காலத்திலும் கட்டுப்பாட்டுக் காலத்திலும் அரிசியும் மரியாதையும் கிடைக்கும் இடம்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. ஒவ்வொரு ஊராட்சிச் சந்தையிலும் யார் எத்தனை வருடமாக எங்கே விற்கிறார்கள் என்று கிராம சபையில் வைத்துப் பதிவேடு எழுத வேண்டும். 2020 மார்ச்சுக்கு முன் விற்று, இன்று இடம் இழந்தவர்களை அதில் முதலில் சேர்க்க வேண்டும். விற்பவர் பெயரிலேயே அடையாள அட்டை வேண்டும். 2014 சட்டத்தின் பாதுகாப்பும் ஸ்வநிதி போன்ற கடனும் கிராமச் சந்தைக்கும் வர வேண்டும். சந்தை மேடைகளிலும் ஊராட்சிக் கடைகளிலும் பட்டியல் சாதிப் பெண்களுக்குப் பங்கு ஒதுக்க வேண்டும், சாக்கடை ஓரத்தில் அல்ல, கூரைக்குக் கீழே.

அரசு எழுதும்வரை காத்திருக்கப் போவதில்லை. இந்த மாதம் முதல் நாங்கள் போகும் சந்தைகளில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தெரு, விற்ற பொருள், உட்கார்ந்த இடம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. சாட்சிக்குப் பக்கத்துக் கடைக்காரரின் கையெழுத்து. முதல் பக்கத்தில் அந்தக் கருவாட்டுக் கடை அக்கா இருக்கிறார். உங்கள் ஊர்ச் சந்தையிலும் இப்படி யாராவது இருந்திருப்பார்கள். கேட்டு எழுதிவையுங்கள். பழைய சுங்கச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.